பழி மட்டும் வயதின் மேல்

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் கிடங்குகளுக்குள் எட்டிப் பார்த்தால், தரையில் உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிக்கும் பெண்கள் தென்படுவார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் அவர்களில் ஏராளம். சற்றுத் தள்ளி, ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்துவரும் தமிழ்க் குடும்பங்கள். மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி, கச்சி என்று அடுத்தடுத்த தெருக்களில் வேறு வேறு மொழிகள் புழங்கும் பகுதி இது. ஆனால் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி 'முன்போல உடம்பு முடியவில்லை' என்று சொன்னால், எந்த மொழியிலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: 'வயசாகுது இல்லையா, அப்படித்தான் இருக்கும்.'

இந்தப் பதிலில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அது எவ்வளவு பெரியது என்பதை இதே கொச்சி நகரில் நடந்த ஓர் ஆய்வே காட்டியிருக்கிறது.

கொச்சி அமிர்தா மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் உஷா மேனன், டாக்டர் ஏ.ஜி. உன்னிக்கிருஷ்ணன் உள்ளிட்ட குழுவினர் நகர மக்களில் வயது வந்த 971 பேரின் தைராய்டு நிலையைப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 2009இல் வெளியாயின. தைராய்டு சுரப்பு தெளிவாகவே குறைந்திருந்தவர்கள் 3.9 சதவீதம். வெளியே பெரிதாக எதுவும் தெரியாமல் உள்ளுக்குள் குறைபாடு தொடங்கியிருந்தவர்கள் இன்னும் 9.4 சதவீதம். இந்த இரண்டாவது வகையில் ஆண்கள் 6.2 சதவீதம் என்றால், பெண்கள் 11.4 சதவீதம். வயது ஏற ஏற இந்த எண்ணிக்கையும் ஏறியது. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே 'கண்டுபிடிக்கப்படாத' தைராய்டு கோளாறுகளைப் பற்றித்தான் பேசுகிறது. அதாவது, இவர்களில் பலருக்குத் தங்களுக்கு இப்படி ஒரு கோளாறு இருப்பதே தெரியாது.

கடலோர மக்களுக்குத் தைராய்டு வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மீனும் உப்பும் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் அயோடின் பற்றாக்குறை எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானதே. ஆய்வுக் குழு அதையும் பார்த்துவிட்டது. சிறுநீரில் வெளியேறும் அயோடினை அளந்ததில், கொச்சி மக்களுக்கு அயோடின் போதுமான அளவு இருந்தது தெரியவந்தது. அப்படியானால் கோளாறு ஏன்? உள்ளுக்குள் குறைபாடு தொடங்கியிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் ரத்தத்தில், தைராய்டு சுரப்பியையே எதிரியாக நினைத்துத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. உடலைக் காக்க வேண்டிய படை சொந்த வீட்டின் மேலேயே கல்லெறிவது மாதிரி இது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ இந்த நோயை 1912இல் முதலில் விவரித்தார். அவர் பதிவு செய்த நான்கு நோயாளிகளும் நடுத்தர வயதுப் பெண்கள். நூறு ஆண்டுகள் கடந்தும் இந்தக் கணக்கு மாறவில்லை. இன்றும் இது ஆண்களைவிடப் பெண்களையே பல மடங்கு அதிகமாகத் தேடி வருகிறது, அதிலும் நடுத்தர வயதில்.

இது கொச்சிக்கு மட்டுமான சங்கதியும் அல்ல. சென்னை, மும்பை, டில்லி, கொல்கத்தா உள்ளிட்ட எட்டு நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒருவருக்கு மேல் தைராய்டு குறைபாடு இருந்தது. பெண்களில் 15.86 சதவீதம். ஆண்களில் 5.02 சதவீதம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தைராய்டு சோர்ந்துபோகும் அதே வயதில்தான் பெண்ணின் சினைப்பையும் ஓய்வுக்குத் தயாராகிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47 என்று ஆய்வுகள் சொல்கின்றன. மேலை நாடுகளில் இது 51. அதாவது இங்கே நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. அதற்கும் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஒரு நாள் கூடி, ஒரு நாள் குறைந்து ஆட்டம் காட்ட ஆரம்பிக்கும்.

இப்போது இரண்டின் அறிகுறிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெனோபாஸ் நெருங்கும்போது களைப்பு, தூக்கமின்மை, மறதி, எரிச்சல், மன வாட்டம், எடை கூடுதல், தோல் வறட்சி, தாறுமாறான மாதவிலக்கு. தைராய்டு குறைந்தால் களைப்பு, மறதி, மன வாட்டம், எடை கூடுதல், தோல் வறட்சி, முடி கொட்டுதல், மலச்சிக்கல், அதிகப்படியான மாதவிலக்கு. பட்டியலில் பாதிக்கு மேல் ஒன்றுதான். திடீரென்று முகமும் கழுத்தும் தீப்பற்றியதுபோல் சூடேறி வியர்த்துக் கொட்டுவது மெனோபாஸின் தனி அடையாளம். குளிர் தாங்காமல் போவது, குரல் கரகரப்பது தைராய்டு குறைவின் பக்கம். ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தாலும் உடம்பு சூடேறும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும்.

மூன்றாவதாக ஒருத்தியும் இந்தக் கூட்டத்தில் உண்டு. அவள் பெயர் ரத்தசோகை. கல்வியிலும் ஆரோக்கியத்திலும் முன்னணியில் நிற்கும் கேரளத்திலேயே, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 36 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கணக்கிட்டது. தேசிய அளவில் இது 57 சதவீதம். மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் ரத்தப்போக்கு அதிகமானால் ரத்தசோகை, அதனால் களைப்பு, மூச்சிரைப்பு. இதற்கும் வயதின் மேல்தான் பழி.

எது எது என்று பிரித்துப் பார்ப்பது கம்பசூத்திரமா? இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, சர்க்கரை அளவு, டி.எஸ்.எச். என்ற தைராய்டு தூண்டு ஹார்மோனின் அளவு. இந்த மூன்று பரிசோதனைகளும் சேர்ந்தே சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அரசு மருத்துவமனைகளில் இன்னும் மலிவு. டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. வேலைக்காரர் மந்தமானால் முதலாளி குரலை உயர்த்துவதுபோல, தைராய்டு சுணங்கினால் டி.எஸ்.எச். உயரும். அதனால்தான் தைராய்டு ஹார்மோன் இன்னும் சரியான அளவில் இருக்கும்போதே, வரப்போகும் குறையை இது முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

மாறாக, 'முழு ஹார்மோன் பேக்கேஜ்' என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் பரிசோதனைகள் பெரும்பாலான பெண்களுக்குத் தேவையில்லாதவை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வராவிட்டால் அதுவே மெனோபாஸ். அதை ஊர்ஜிதம் செய்ய எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரோஜன் அளவுகளைப் பார்க்க அவசியமில்லை. மாறிக்கொண்டேயிருக்கும் அந்த அளவுகள் இன்றைக்கு ஒன்று சொல்லும், அடுத்த வாரம் வேறொன்று சொல்லும். நாற்பதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றால் மட்டும் கதை வேறு. அது இயல்பானது அல்ல. கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

டி.எஸ்.எச். உயர்ந்திருக்கிறது என்று தெரிந்ததுமே மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டுமா என்றால், அதற்கும் அவசரம் கூடாது. மிகவும் உயர்ந்திருந்தால், தைராக்சின் ஹார்மோனும் குறைந்திருந்தால் மாத்திரை அவசியம். அது பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடரும். ஆனால் சற்றே உயர்ந்திருந்தால் சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்த்து, எதிர்ப்பொருள் பரிசோதனையும் செய்துவிட்டே டாக்டர்கள் முடிவெடுப்பார்கள். பிரிட்டனில் விக்கம் என்ற இடத்தில் இருபது ஆண்டுகள் மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், டி.எஸ்.எச். உயர்வும் எதிர்ப்பொருளும் சேர்ந்திருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பேர் வீதம் முழுக் குறைபாட்டுக்குப் போனார்கள். அதே சமயம் முதுமையில் டி.எஸ்.எச். ஓரளவு உயர்வது இயற்கை. 65 வயதைக் கடந்த 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், இத்தகைய லேசான குறைபாட்டுக்குத் தைராக்சின் மாத்திரை கொடுத்தவர்களுக்கும், வெறும் மாத்திரை கொடுத்தவர்களுக்கும் களைப்பில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

தேவைக்கு மேல் தைராக்சின் சாப்பிட்டால் என்ன ஆகும்? அதன் முதல் பலி எலும்பு. மாதவிலக்கு நின்ற பிறகு முதல் ஐந்தாறு ஆண்டுகளில் பெண்ணின் எலும்பு வேகமாகத் தேய்கிறது. பழைய எலும்பை அரிக்கும் செல்களுக்குக் கடிவாளம் போட்டுக்கொண்டிருந்த ஈஸ்ட்ரோஜன் விலகிவிடுவதே காரணம். அந்த நேரத்தில் தைராக்சினும் அளவு மீறினால் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றிய கதைதான். இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். மெலிய வேண்டும் என்பதற்காக யாரோ ஒருவரின் தைராய்டு மாத்திரையை வாங்கி விழுங்குவது எவ்வளவு பெரிய விபரீதம் என்பது இதிலிருந்து விளங்கும்.

மாத்திரை சாப்பிடும் முறையிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். தைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, காப்பி, டீ, பலகாரத்துக்கு முன் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். எலும்புக்காகத் தரும் கால்சியம், ரத்தசோகைக்காகத் தரும் இரும்புச்சத்து இரண்டுமே தைராக்சினைக் குடலில் உறிஞ்சவிடாமல் தடுப்பவை. குறைந்தது நான்கு மணி நேரம் கழித்தே அவற்றைச் சாப்பிட வேண்டும். மூன்று மாத்திரைகளையும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, 'இவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறேன், குறையவே இல்லை' என்று நொந்துகொள்ளும் பெண்கள் நிறைய. முடி கொட்டாமலிருக்கச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் தைராய்டு பரிசோதனையின் முடிவைத் திரித்துக் காட்டக்கூடியது. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும்.

அடுத்தது, மெனோபாஸ் தொல்லைகளுக்கு ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா என்ற பழைய கேள்வி. அறுபதுகளில் அமெரிக்காவில் இது என்றும் இளமை தரும் அமுதமாக விற்பனையானது. 1975இல், ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்தால் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வருகிறது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்தே கொடுக்கும் வழக்கம் வந்தது. 2002 ஜூலையில், 16,608 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த மாபெரும் ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. கூட்டு மாத்திரை சாப்பிட்டவர்களில், பத்தாயிரம் பேருக்கு ஆண்டுக்கு எட்டுப் பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. பக்கவாதமும் அதே அளவு கூடியது. இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. தலைப்புச் செய்திகளைப் பார்த்து உலகமெங்கும் பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள்.

அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதைப் பலரும் கவனிக்கவில்லை. மாதவிலக்கு நின்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தவர்கள் அவர்கள். அறுபது வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுகளுக்குள் இருப்பவர்களுக்கு, தொல்லை கடுமையாக இருந்தால் நன்மையே மேலோங்கும் என்பது பின்னாளில் உருவான கருத்து. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மருந்துகளின் உறை மேல் அச்சிட்டிருந்த கடுமையான எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. அதற்காக இது எல்லோருக்குமான மருந்தாகிவிடவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். தைராக்சின் சாப்பிடுபவர்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தொடங்கினால் தைராக்சின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். இரண்டு மாதம் கழித்து டி.எஸ்.எச்.ஐ மறுபடி பார்ப்பது நல்லது. சூடேறும் தொல்லை கடுமையாக இருப்பவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகளும் வந்துவிட்டன. 'சில மாதத்தில் சரியாகிவிடும், பொறுத்துக்கொள்' என்ற ஆறுதல் எப்போதும் பலிப்பதில்லை. அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், அடிக்கடி சூடேறியவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது.

மட்டாஞ்சேரியில் அங்காடி மருந்துக் கடைகளுக்குக் குறைவில்லை. சதாவரி என்கிற தண்ணீர்விட்டான் கிழங்கும் இன்னும் பலவும் 'பெண்களுக்கான' மருந்துகளாக விலைபோகின்றன. பெரிய அளவில் நடத்திய பரிசோதனைகளின் ஆதாரம் இவற்றுக்கு இன்னும் போதாது. தைராய்டு குறைபாடு நிரூபணமானவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு இவற்றை நம்பி உட்காருவது ஆபத்து. சூரணமோ கஷாயமோ எதைச் சாப்பிட்டாலும் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

இன்னொரு வழியும் ஊருக்கு ஊர் மலிந்திருக்கிறது. ரத்தப்போக்கு அதிகமா, கருப்பையை எடுத்துவிடு. 'பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி அது எதற்கு?' என்ற வாதம் பாமரப் பெண்களிடம் எளிதில் எடுபடுகிறது. ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய பதினொன்றில் ஒருவருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருப்பதை 2015-16 குடும்பநல ஆய்வு காட்டியது. தேசிய அளவில் இது முப்பதில் ஒருவர். தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் வழிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் அமல்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கருப்பையோடு சினைப்பையையும் எடுத்தால் மெனோபாஸ் ஒரே இரவில் வந்துவிடும். சினைப்பையை விட்டுவைத்தாலும் அது சற்று முன்னதாகவே ஓய்ந்துவிடும். ரத்தப்போக்குக்குக் காரணம் தைராய்டாக இருந்தால் மாத்திரையிலேயே சரியாகியிருக்கும். கத்தி வைத்த பிறகு அதைக் கண்டுபிடித்து என்ன பயன்?

அலட்சியமே கூடாத ஓர் அறிகுறியும் உண்டு. மாதவிலக்கு முழுவதுமாக நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அது வயதுக் கோளாறும் அல்ல, 'மறுபடி வந்த' மாதவிலக்கும் அல்ல. பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கலாம். ஆனால் கருப்பைப் புற்றுநோய் தலைகாட்டும் முதல் வழியும் இதுதான். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பூரணமாகக் குணமாக்க வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு ஒளித்துவைக்கும் மாதங்கள்தான் உயிரை வாங்குகின்றன.

மருந்துக்கு வெளியே செய்ய வேண்டியவையும் சில இருக்கின்றன. தினம் அரை மணி நடை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், தசைக்கு வேலை தரும் பயிற்சி. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும் பயிற்சிதான். தோலில் கொஞ்சம் வெயில். கொச்சிக்காரர்களின் ஏழைப் பங்காளனான மத்தி மீனை முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் கிடைக்கும், வைட்டமின் டியும் கிடைக்கும். சைவர்களுக்குப் பால், தயிர், கேழ்வரகு, எள், கீரை. அயோடின் கலந்த உப்பை மாற்ற வேண்டாம். அதற்காக அள்ளிப் போடவும் வேண்டாம். கப்பைக்கிழங்கை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடும் கேரளத்துப் பழக்கம் நல்ல பழக்கம். தைராய்டுக்கு வேண்டாத பொருள்கள் அந்தத் தண்ணீரோடு போய்விடுகின்றன.

கேரளத்துப் பெண்ணின் சராசரி ஆயுள் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. மாதவிலக்கு நின்ற பிறகு சுமார் முப்பது ஆண்டுகள் அவள் வாழ்கிறாள். கருவுறும் காலத்துக்குச் சமமான காலம் அது. பிரசவத்துக்கு வார்டு, தடுப்பூசிக்கு அட்டை, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு முகாம் என்று முதல் பாதிக்கு எல்லாம் இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு அவளிடம் ஒரு சீட்டுக்கூட இல்லை. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லையென்றால் ஓடும் அவள், தனக்கென்றால் பள்ளி விடுமுறை வரட்டும், சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போடுகிறாள். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கோ ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் கூலி போகும் நாள்.

எனவே நாற்பத்தைந்து வயதுப் பெண் 'முடியவில்லை' என்று சொன்னால், வீட்டிலிருப்பவர்கள் செய்ய வேண்டியது எளிது. 'வயசு' என்று சொல்லி முடித்துவிடாமல், ஒரு நாள் காலையில் அவளை அழைத்துக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம். எல்லாம் சரியாக இருந்தால் நிம்மதி. வயதின் மேல் பழி போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.